இன்னும் ஒரு சுத்து

தம்பி மகன் மாட்டுக் கொட்டகைக்குப் புதுத் தகரம் போட்டிருக்கிறான். இன்று மதியம் நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மழை பிடித்தது. எங்கள் கோபாலபுரம் கிராமத்து மழைக்கு அவ்வளவு சத்தம் கிடையாது. ஆனாலும் தகரமாயிற்றே. சோற்றில் இருந்த என் வலது கை, நான் சொல்லாமலே உள்ளங்கை நிமிர்ந்து மேலே எழுந்தது. ரசம் முழங்கை வரை வழிந்தது. எதிரே யாருமில்லை. கையை இறக்கி மிச்சச் சோற்றைத் தின்றேன், தட்டைக் கழுவி வைத்தேன்.

நீ போய்ப் பதினோரு நாள் ஆகிறது. உன் மகன் போனில் சொன்னபோது "அப்படிங்களா" என்று மட்டும்தான் கேட்டேன். அப்புறம் போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். எனக்கு அழுகை வரவில்லை. வராதது பயமாக இருக்கிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன், வேறு காரணம் இல்லை.

சூரியநெல்லிக்கு மேலே அந்த எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். எழுபதுகளின் நடுவில் ஒரு ஜூன் மாதம். நீ அந்த மலையிலேயே பிறந்தவள். உன் அப்பாவுக்கு ஃபேக்டரியில் தேயிலை உருட்டும் ரோலரில் வேலை. நான் இங்கிருந்து ஒரு தகரப்பெட்டியோடு போய் இறங்கியவள். பள்ளிக்கூடம் என்றால் ஒரே ஹால், நடுவில் மூங்கில் தட்டி. இந்தப் பக்கம் என் நாலாம் வகுப்பு, அந்தப் பக்கம் உன் மூன்றாம் வகுப்பு. இரண்டுக்கும் மேலே தகரக் கூரை.

அந்த மலை மழையில் என் குரல் முன் பெஞ்சைத் தாண்டாது. கத்துவேன். நான் கத்தக் கத்தப் பிள்ளைகளும் கத்தினார்கள். இரண்டாம் வாரமே தொண்டை கட்டிக்கொண்டது. ஒருநாள் பொறுக்க முடியாமல் ஸ்கேலை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாவத்துக்கு முருகாயி என்ற பிள்ளையின் முழங்கையில் அடித்துவிட்டேன். அவள் வாயே திறந்திருக்கவில்லை. அதன்பிறகு அவள் தன் சிலேட்டை எனக்குக் காட்டவே இல்லை.

ஹெட்மாஸ்டர் வாசலில் நின்று மலையாளம் கலந்து சொன்னார்: "டீச்சரே, அடுத்த மாசம் இன்ஸ்பெக்ஷனுக்கு ஏ.இ.ஓ. வருவார். அவர் வரும்போது கிளாஸ் இப்படி இருந்தா உத்தியோகம் ஸ்திரமாகாது, கேட்டோ." வேலை போனால் ஊருக்குத் திரும்பி, அப்பா பேசி வைத்திருந்த தோப்புக்காரருக்குக் கழுத்தை நீட்ட வேண்டியதுதான். அன்று சாயங்காலம் பெட்டியில் துணிகளை மடித்துக்கூட வைத்தேன்.

மறுநாள் தட்டி இடுக்கில் உன் பக்கம் பார்த்தேன். நீ பேசவே இல்லை. கை மட்டும் அசைந்தது. முப்பது பிள்ளைகளும் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏனுங்க டீச்சர், உங்க பக்கம் மட்டும் மழை பெய்யறதில்லீங்களா?"

நீ சிரித்தாய். "ஏட்டி, மழையோடயா சண்டை போடுத? ரோலர் ஓடுற எடத்துல எங்கப்பா என்ன கத்தவா செய்யுதாரு? கையாலதான் பேசுவாக. இந்தப் பிள்ளைகளோட அப்பன்மாரு பாதிப்பேரு அங்கதான். கைப்பேச்சு இதுகளுக்கு நல்லாத் தெரியும். ஒனக்குத்தான் தெரியாது."

ஒரு வாரம் பள்ளி விட்டதும் என்னை நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தாய். உள்ளங்கையைக் கவிழ்த்து இறக்கினால், பேச்சை நிறுத்து. நிமிர்த்தி உயர்த்தினால், சிலேட்டைக் காட்டு. "வந்ததும் பேரு கூப்பிட்டு ஹாஜர் எடுக்காத. போர்டுல ஒரு கணக்கப் போட்டு வேலையக் குடு, எழுதுற நேரத்துல ஹாஜர் எடு. எவன் சேட்டை பண்ணுதானோ அவன் பேரைச் சொல்லிக் கூப்பிடாத, சும்மா அவன் பக்கத்துல போய் நில்லு." எழுதாத பிள்ளை சிலேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளும், அதைப் பிடுங்கவே கூடாது என்றாய். அப்போது ஆள்காட்டி விரலால் காற்றில் ஒரு வட்டம் போட வேண்டும். "எலை இன்னும் பதமாகல, இன்னும் ஒரு சுத்து சுத்தட்டும்னு ரோலர்ல சொல்லுவாக. அவசரமில்ல, எழுதுன்னு அர்த்தம்."

ஏ.இ.ஓ. வந்த அன்று மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. நனைந்த குடையோடு என் வகுப்பில் வந்து உட்கார்ந்தார். போர்டில் ஒரு கழித்தல் கணக்கைப் போட்டுவிட்டு, சற்றுப் பொறுத்துக் கையை உயர்த்தினேன். எல்லாச் சிலேட்டும் எழுந்தன, முருகாயி சிலேட்டைத் தவிர. அவள் அதை நெஞ்சோடு அணைத்திருந்தாள். அதிகாரி அவளைப் பார்த்தார். ஹெட்மாஸ்டர் என்னைப் பார்த்தார். என் கை மேஜைமேல் இருந்த ஸ்கேலுக்குப் போனது, உண்மையைச் சொல்கிறேன். தட்டி இடுக்கில் நீ நின்றாய். எனக்கு எந்தச் சைகையும் காட்டவில்லை, பார்த்தபடி நின்றாய்.

நான் விரலைச் சுற்றினேன். முருகாயி ஸ்கேலைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், குனிந்து எழுதினாள். அதிகாரியும் காத்திருந்தார். சிலேட்டைத் தூக்கினாள். விடை தப்பு. ஆனால் தூக்கிக் காட்டினாள். நான் தலையாட்டினேன். ஏ.இ.ஓ. நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டு டீ குடிக்கப் போனார். வேலை நிலைத்தது. பெட்டியில் மடித்து வைத்த துணிகளை நீதான் திரும்ப எடுத்துக் கொடியில் போட்டாய்.

போன மாதம் தேனி ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தேன். பக்கவாதத்தில் உனக்குப் பேச்சுப் போயிருந்தது. நான் பழைய புத்தியில் சத்தம் போட்டுப் பேசினேன். பஸ் லேட், தேங்காய் விலை, தம்பி மருமகள் என்று என்னென்னவோ. உன் இடது கை மெல்லக் கவிழ்ந்து இறங்கியது. நிறுத்தினேன். அப்புறம் அது நிமிர்ந்து எழுந்தது. நீ என்ன கேட்கிறாய் என்று தெரிந்தது. காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. உள்ளே மரத்துப்போய்க் கிடந்தது. துணிப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். நீ விரலைத் தூக்கிச் சுற்ற ஆரம்பித்தாய். முக்கால் வட்டத்தில் கை போர்வைமேல் விழுந்துவிட்டது. நான் போர்வையைச் சரிசெய்துவிட்டு பஸ்ஸுக்குப் போனேன்.

இப்போது மழை விட்டுவிட்டது. அழுகை இன்னும் வரவில்லை. நீ முடிக்காத அந்தக் கால் வட்டம் என்னிடம்தான் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவும் எழுதினேன். தப்பு இருக்கலாம். தூக்கிப் பிடித்திருக்கிறேன், பார்.