மலை ஒன்றரை மீட்டர் உயர்ந்த நாள்

மார்ச் 14, 2091. காலை 9.10
இமயம், மூன்றாம் பிளவு நிலையம். எழுதுவது ஆவுடையப்பன், நிலநடுக்க ஆய்வாளர். வெளியே பனி, உள்ளே காபி. இரண்டும் ஒரே சூடு.

எனக்குப் பின் இங்கே வருபவருக்கு: இந்தியத் தட்டு வடக்கே ஆசியாவை முட்டிக்கொண்டே இருக்கிறது. ஜமுக்காளத்தைச் சுவரோடு தள்ளினால் மடிப்பு விழுமே, அதுதான் மலை. மடிப்பு தாங்காத இடத்தில் பாறை பிளந்து ஒரு பாளம் இன்னொன்றின் மேல் ஏறும். அப்படியொரு பிளவு என் காலடியில் இறுகிக் கிடக்கிறது. மொத்தமாக நழுவினால் கீழே ஊர்கள் மிஞ்சாது. அதனால் உள்ளே தண்ணீரைச் செலுத்திக் கொஞ்சம் கொஞ்சமாக நழுவ வைக்கப் பார்க்கிறோம். மூன்று வாரமாக அசையவில்லை.

நாகர்கோவில்காரி எஸ்தர், எங்கள் பொறியாளர், இரண்டு ஆட்களோடு சுரங்கத்தில் கருவி பொருத்துகிறாள். வெளியே வந்து அவள் சொன்னால்தான் தண்ணீர் வால்வைத் திறக்க வேண்டும்.

காலை 11.40
சுரங்க லைனில் எஸ்தர், பாதி இரைச்சல்: “சார்... தண்ணிய விட்டுருங்க...”
திறந்தேன்.

காலை 11.52
நழுவியது! முகடு ஒன்றரை மீட்டர் உயர்ந்துவிட்டது. ஒரு மலை வளர்வதைக் கண்ணால் பார்த்தேன். இந்த வயதில் குதித்தேன், வெட்கமில்லை. எஸ்தரைக் கூப்பிட்டால் பதில் இல்லை. கேபிள் அறுந்திருக்கும்.

மதியம் 12.35
11.40-க்கு எஸ்தர் பேசிய பதிவைக் கணினி இரைச்சல் நீக்கிக் கொடுத்தது.
“சார், பாறை முனகுது. நாங்க இன்னும் உள்ளதான் நிக்கோம். இன்னைக்குத் தண்ணிய விட்டுருங்க, நாளைக்குப் பாத்துக்கிடலாம்.”

விட்டுருங்க. திறந்துவிடு என்றாலும் அதுதான், வேண்டாம், கைவிடு என்றாலும் அதுதான். நானும் அந்தப் பக்கத்துக்காரன், எனக்குத் தெரியாதா? சரியாகக் கேட்கவில்லை என்றால் மறுபடி சொல்லச் சொல்ல வேண்டும். நான் சொல்லவில்லை. எனக்கு வேண்டியதைச் சொன்னாள் என்று எடுத்துக்கொண்டேன். பாவி.

வால்வை மூடினேன். இனி எதற்கு?

பிற்பகல் 2.20
சுரங்க வாய் மண்ணோடு மண். மீட்புக் குழு வர இரண்டு நாள் ஆகுமாம். உள்ளே காற்று மாலை வரைதான். நிலையம் இன்னும் ஆடுகிறது. மின்சாரம் விட்டுவிட்டு வருகிறது.

மாலை 4.05
லைன் கிடைத்தது.
“சார், நீங்க நல்லாருக்கியளா? இங்க ரெண்டு பேரும் பேசல. நீங்க மனசு உடஞ்சிராதீங்க. தானா நழுவிட்டுது, நீங்க என்ன செய்விய? மலைதானே.”

நான்தான் திறந்தேன் என்று சொல்லிவிட வாயெடுத்தேன்.
“ஆமாம்மா, மலைதான்” என்றேன்.

“எங்க வீட்டுலயும் அப்படியே சொல்லிருங்க. யாரு மேலயும் தப்பு இல்லன்னு.”

மாலை 5.00
கூப்பிடுகிறேன். கூப்பிடுகிறேன்.

மாலை 6.30
எஸ்தரின் கணவர் செல்லத்துரை லைனில் வந்தார். அவள் சொன்னபடியே சொன்னேன். வெகுநேரம் அழுதார். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீங்க சாப்ட்டியளா சார்?” என்று கேட்டார்.

சாப்பிட்டேன் என்றேன்.