முட்டு எடுக்காத போர்ட்டிகோ

30.6.2004, புதன்

உடையார்பாளையம் வீட்டுக்கு இன்று போர்ட்டிகோ கான்கிரீட் போட்டோம். வீட்டுக்காரர் ராசாங்கம், முந்திரி வியாபாரி. முன்பக்கம் தூணே கூடாது, ஆறடி அந்தரத்தில் நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். மெட்ராஸில் யார் வீட்டிலோ பார்த்தாராம்.

சூடம் காட்டியதும் அவர் மனைவி செங்கமலம் சொந்தக்காரப் பெண்களையெல்லாம் மேலே கூட்டிப்போனார். ஆளுக்கொரு சட்டி கலவை கொட்டினால்தான் வீடு நிறைந்திருக்குமாம். பதினைந்து பேராவது இருக்கும். கட்டி வைத்த கம்பி மேலேயே பட்டுப்புடவையோடு நடந்து, நின்று, மஞ்சள் குங்குமம் தூவி, ஒரே சிரிப்பு. நான் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். சைட் சூப்பர்வைசர் என்று பெயர்தான் பெரிது! "கொஞ்சம் இறங்கிக்கங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. நல்ல காரியத்தில் குறுக்கே பேசினால் முகம் சுளிப்பார்களே என்று பயம்.

அவர்கள் இறங்கிய பிறகு மேஸ்திரி பஞ்சநாதன் மிதியில் அமுங்கிய கம்பிகளைத் தூக்கிவிட்டார். எல்லாவற்றையுமா?

1.7.2004

தளத்தில் தண்ணீர் கட்டியாயிற்று. மனசு அந்தக் கம்பியிலேயே நிற்கிறது.

5.7.2004, திங்கள்

பன்னிரண்டாம் தேதி பால் காய்ச்சுகிறார்கள். அதை விட்டால் ஆடி வந்துவிடும், அப்புறம் ஒரு மாதம் எதுவும் செய்ய முடியாது. பந்தல் போட வேண்டும், வாழை மரம் கட்ட வேண்டும், அதனால் பத்தாம் தேதியே தளத்தைத் தாங்கும் முட்டுக் கம்புகளையெல்லாம் எடுத்துவிடச் சொல்கிறார் ராசாங்கம். இருபத்தொரு நாள் நிற்கட்டும் என்றேன். "ரெண்டு மூட்டை சிமெண்டு கூடவே போட்டிருக்கு பாப்பா, நிக்கும்" என்கிறார் பஞ்சநாதன்.

என் பயம் நாள் கணக்கைப் பற்றியது இல்லை. அந்தரத்தில் நீளும் தளத்துக்குக் கம்பி மேல்பக்கம்தான் இருக்க வேண்டும். பாரத்தைப் பிடித்து நிறுத்துவது அதுதான். மிதிபட்டுக் கீழே போயிருந்தால் வெளியிலிருந்து பார்க்க ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றினாலும் சரியாகாது. முட்டு எடுத்த அன்றோ மறுநாளோ மொத்தமாக இறங்கும். அடியில் யார் நிற்கிறார்கள் என்று அது பார்க்குமா?

6.7.2004

பஞ்சநாதனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"கொக்கி போட்டுத் தூக்குனோம்ல பாப்பா?"

"வெளி ஓரம் தூக்குனீங்க. சுவர் ஓரம்?"

துண்டை உதறித் தோளில் போட்டார். "கலவை வந்துகிட்டே இருந்துச்சு. எல்லாத்தையும் தூக்குனேன்னு சாமி மேல சத்தியம் பண்ண மாட்டேன்."

கோபம் பற்றிக்கொண்டு வந்தது. பாதி தூரம் நடந்த பிறகுதான் உறைத்தது, அவர் மேல் கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

7.7.2004

அரியலூர் ஆபீஸில் கான்ட்ராக்டரிடம் சொல்லிவிட்டேன்.

"நீ அங்கதானம்மா இருந்த?"

"இருந்தேன் சார். பேசாம இருந்துட்டேன்."

"அப்பப் பேசாதவ இப்ப எதுக்குப் பேசுற?"

"பன்னெண்டாந்தேதி அவங்க சொந்தபந்தம் அத்தனை பேரும் அதுக்கடியில நிப்பாங்க சார்."

மேஜையைத் தட்டினார். "நாளைக்கு வரேன், கொத்திப் பாப்போம். கம்பி சரியா இருந்துச்சுன்னு வையி, நீ வேற எடம் பாத்துக்க பரிமளா."

சரி சார் என்று வந்துவிட்டேன்.  கம்பி சரியாக இருந்தால் வேலை போகும். சரியாக இல்லையென்றால்... எதை வேண்டிக்கொள்வது? சரியாகவே இருக்கட்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன். சத்தியமாக.

8.7.2004

உளியைப் பஞ்சநாதனே வாங்கிக்கொண்டார். சுவர் ஓரமாக, மேலிருந்து கொத்தினார். ஒரு விரல் ஆழத்தில் கம்பி தெரிய வேண்டும். தெரியவில்லை. இரண்டு விரல். மூன்று விரலுக்கு வந்ததும் நிறுத்தி முகத்தைத் துடைத்துக்கொண்டார். நாலு விரல் ஆழத்தில் உளி கம்பியில் பட்டது. இன்னும் இரண்டு இடத்தில் பார்த்தோம். அதே கதைதான்.

கான்ட்ராக்டர் குனிந்து மூன்று குழியையும் விரல் விட்டு அளந்தார். எனக்குச் சந்தோஷமெல்லாம் இல்லை. கீழே இறங்கி வந்தால் செங்கமலம் நிற்கிறார், முகம் வெளுத்துப்போய்.

"நாங்க ஏறி மிதிச்சதாலயாம்மா?"

ஆமாம் என்றால் அந்த வீட்டில் அவருக்கு என்றைக்கு நிம்மதி இருக்கும்? ஆனால் பொய்யும் சொல்லவில்லை. "நிக்கிறதுக்குப் பலகை போட்டுத் தந்திருக்கணுங்க. இல்லன்னா எறங்கச் சொல்லியிருக்கணும். ரெண்டையும் நான் செய்யல."

ராசாங்கம் குதித்தார். வரிசையாகக் கம்பு ஊன்றிய வாசலில் எந்த மானமுள்ளவன் பால் காய்ச்சுவான், ஊர் சிரிக்காதா, இத்யாதி. செங்கமலம்தான் ஒரே பேச்சில் முடித்தார்: "கம்பு இருந்துட்டுப் போவுது. வர்ற சனம் நல்லபடியா வூடு போயி சேரணும்."

ஆடி என்று பார்க்காமல் உடனே அடித்தளம் தோண்டி இரண்டு தூண் எழுப்புவது என்று முடிவாயிற்று. அதுவரை ஒரு முட்டிலும் கை வைக்கக் கூடாது. ராசாங்கத்துக்குத் தூண் என்றாலே வேப்பங்காய்.

9.7.2004

ராசாங்கம் என்னோடு பேசுவதில்லை. கான்ட்ராக்டர் போகச் சொல்லவும் இல்லை, பாராட்டவும் இல்லை. போகட்டும்.

12.7.2004, திங்கள்

பால் பொங்கியது.

முன்வரிசை முட்டு எட்டிலும் வாழை மரம் கட்டி, குறுக்கே மாவிலைத் தோரணம் விட்டிருந்தார்கள். விசாரித்தவர்களுக்கெல்லாம் பஞ்சநாதன், "தூண் வரப் போவுதுங்க, அதுக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டுக்கு முன்னால் குடும்பப் படம். போட்டோகிராபர், "கம்பு மறைக்குதுங்க, வெளியில வந்து நில்லுங்களேன்" என்றார். வெயிலில் யார் வருவார்கள்? நிழல் பார்த்து எல்லோரும் போர்ட்டிகோவுக்கு அடியிலேயே நெருக்கிக்கொண்டார்கள். முட்டுக்கு நடுவே தலையை நீட்டிக்கொண்டு கிழவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். நான் தெருவில் நின்று எண்ணினேன். நாற்பத்து மூன்று பேர்.

செங்கமலம் கையைக் காட்டி, "நீயும் வாம்மா, ஏன் அங்க நிக்கிற?" என்று கூப்பிட்டார். ராசாங்கம் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். போய் நின்றேன்.

"எல்லாரும் இங்க பாருங்க" என்றார் போட்டோகிராபர். படம் வந்தால் தெரியும், நான் மட்டும் மேலே பார்த்துக்கொண்டிருப்பேன்.