கடைசிக் காம்பராவில் நீங்கள் குடிவைத்தது

மாமா,

இந்தக் கதவைத் திறந்ததும் உங்கள் வாசம்தான் முதலில் வந்தது. தொழிற்சாலையில் வறுபட்ட தேயிலைத் தூளின் வாசம். உங்கள் கம்பளிச் சட்டை இன்னும் ஆணியில் தொங்குகிறது. போன மழைக்கு நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு அதை எடுக்கக்கூட யாரும் உள்ளே வரவில்லை. வர விடாமல் செய்தவர் நீங்கள்தானே.

ஃபோன் வெளிச்சத்தில் எழுதுகிறேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய இந்த லயத்தில், சுவருக்கு அந்தப் பக்கம் எங்கள் காம்பரா. அம்மா, தம்பிகள், சித்தி, சித்தப்பா, குழந்தை எல்லோரும் அந்த ஒரே அறையில் தூங்குகிறார்கள். நான் எழுந்து வந்தது யாருக்கும் தெரியாது. விடியும்வரை இங்கே இருக்க வேண்டும். உங்களோடு பேசிக்கொண்டிருந்தால் பயம் குறையுமென்று நினைக்கிறேன்.

பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்த வாசற்படியில் உட்காருவேன். நீங்கள் உள்ளே தேயிலைப் பெட்டியைக் கவிழ்த்து மேசையாக்கி, அன்றைக்கு எழுதியதை வாசிப்பீர்கள். வாசிக்கும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டீர்கள், காலைப் பார்ப்பீர்கள். பயந்துபோய் நான் காலை மேலே இழுத்துக்கொண்ட இடத்தில் ஒரு கோடு போடுவீர்கள். அங்கேதான் அத்தியாயம் முடியும். நான் அசையாமல் இருந்தால் தாளைக் கசக்கிவிடுவீர்கள். “பஸ்ஸுல படிக்கிறவன் எறங்குற எடத்த மறக்கணும் புள்ள. அப்பதான் அது கத” என்பீர்கள்.

பதுளை பஸ் ஸ்டாண்டில் கடலைப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் உங்கள் புத்தகங்கள் கயிற்றில் தொங்கும். எல்லா அட்டையிலும் ஒரு கோட்டையும் வெள்ளைக்காரச் சீமாட்டியும். நம்ம தோட்டத்தில் கோட்டை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அச்சகத்துக்காரரிடம் அந்த ஒரு படம்தான் இருக்கிறது என்றீர்கள். வேறு கிரகத்து ஆட்கள் எங்கள் தேயிலை மலையில் வந்து இறங்கிய கதையை லயமே சத்தம் போட்டு வாசித்துச் சிரித்தது. காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும் நேரத்தில் அவர்களும் வரிசையில் நின்றுவிட, கங்காணி ஆளுக்கொரு தேயிலை நிரை பிரித்துக் கொடுத்துவிடுவார். இரண்டு நாள் கொழுந்து பறித்துவிட்டு, பூமியே வேண்டாமென்று போய்விடுவார்கள்.

இந்தக் காம்பராவைப் பற்றிய புத்தகத்துக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. வானத்திலிருந்து விழுந்த ஒன்று, லயத்தின் கடைசிக் காம்பராவின் சுவருக்குள் புகுந்துகொள்கிறது. சுவரில் மூன்று முறை தட்டினால் நான்காவதை அது தட்டும். அதைக் கேட்டவர் வீட்டில் ஓர் ஆள் குறையும். இங்கே இருந்த குடும்பம் அப்போதுதான் கொழும்புக்கு வேலைக்குப் போயிருந்தது. அதற்குப் பிறகு ஒருவரும் குடிவரவில்லை. நீங்கள் மட்டும் பகலில் வந்து போனீர்கள். அதை வசியம் பண்ணி வைத்திருக்கிறார் என்று உங்களைப் பார்த்தும் கொஞ்சம் பயந்தார்கள்.

சித்தி கல்யாணமாகி, எங்கள் காம்பராவிலேயே நடுவில் சேலையைக் கட்டி மறைத்துக் குடித்தனம் தொடங்கினார். அன்றைக்குத்தான் என்னிடம் உண்மையைச் சொன்னீர்கள். “எனக்கு உக்காந்து எழுத எடமில்ல புள்ள. அண்ணன் வீட்டுல காலு நீட்டக்கூட முடியாது. அதான் பேயிக்கு ஒரு எடம் புடிச்சுக் குடுத்தேன். அது என்னையும் சேத்துக்கிச்சு.”

அந்தக் கையோடு இன்னொரு புத்தகம் எழுதினீர்கள். அதில் சுவருக்குள் இருந்தது வெளியே வந்து, பதுளை ஸ்டேஷனில் டிக்கெட் எடுத்து, கொழும்பு ரயிலில் ஏறிப் போய்விடும். இனி சித்தி குடிவரலாம் என்று நினைத்தீர்கள். பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் அதைப் படித்து விழுந்து விழுந்து சிரித்தார்கள். பேய் எங்கேயாவது ரயிலில் போகுமா, இது சும்மா கதை என்றார்கள். அன்றைக்கு நீங்கள் சாப்பிடவே இல்லை.

இப்போது சித்தியின் குழந்தைக்கு நெஞ்சில் சளி. அடுப்புப் புகைக்குள் படுக்க வைக்க வேண்டாமென்று மிட்வைஃப் அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார். பக்கத்திலேயே ஒரு காம்பரா சும்மா கிடக்கிறது. இந்த வாரமும் யாரும் குடிவராவிட்டால் இங்கே உர மூட்டை அடுக்கப் போவதாகத் தோட்டத்து ஆபீசில் சொல்லிவிட்டார்கள். நீங்கள் சொன்னதையெல்லாம் வீட்டில் சொன்னேன். செத்த மனுசன் மேல் பழி போடாதே என்றார் அம்மா. சித்தி குழந்தையை இறுக்கிக்கொண்டார். “இருமிக்கிட்டாவது இருக்கட்டும்டி. உசுரோட இருக்குதுல்ல.”

அதனால்தான் வந்தேன். ஒரு ராத்திரி முழுக்க இங்கே இருந்து, எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் இந்தக் கதவைத் திறந்து வெளியே போனால் நம்புவார்கள் அல்லவா?

நீங்கள் எழுதியது பொய் என்று எனக்குத் தெரியும். பிறகு ஏன் பயப்படுகிறேன் என்றால், நீங்கள் ஒருநாளும் இருட்டிய பிறகு இங்கே இருந்ததில்லை. தொழிற்சாலையில் இரவு வேலை, அதனால்தான் என்று நினைத்திருந்தேன். வேலையிலிருந்து நின்ற பிறகும் பொழுது சாயும் முன்பே கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பினீர்கள். ஏன் மாமா என்று கேட்டேன். “அது எப்படி வரும்னு எனக்குத்தானே தெரியும்” என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அந்தச் சிரிப்பைத்தான் இவ்வளவு நேரமாக நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்போது தட்டிவிட்டேன். மூன்று முறை. தட்டிப் பார்த்தாயா என்று சித்தி கட்டாயம் கேட்பார்.

ரொம்ப நேரம் ஒன்றுமில்லை. அந்தப் பக்கம் குழந்தை இருமியது. சித்தி ஏதோ முனகித் தட்டிக்கொடுத்தார். மறுபடி அமைதி. பிறகு சுவரில் ஒரு தட்டு.

மெதுவாகத்தான் கேட்டது. பெரிய தம்பி தூக்கத்தில் உதைப்பான். அவன் கால் பட்டிருக்கும். எலியாகவும் இருக்கலாம். தம்பியின் கால்தான். என் கால்கள் இரண்டும் மேலே வந்துவிட்டன, மாமா. ஓடிப்போகலாம், கதவு சும்மாதான் சாத்தியிருக்கிறது. ஓடினால் இங்கே உர மூட்டை வந்துவிடும். முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மீதியை மறுநாள் ராத்திரி, எங்கள் காம்பராவில் இருந்து எழுதுகிறேன்.

விடியும் முன்பே கதவு படாரென்று திறந்தது. சித்தி. என் பாய் வெறுமையாகக் கிடந்ததைப் பார்த்து, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பனியில் வெறுங்காலோடு தேடியிருக்கிறார். கதவிடுக்கில் வெளிச்சத்தைக் கண்டதும் நேரே உள்ளே வந்துவிட்டார்.

“அறிவிருக்காடி ஒனக்கு? ஒங்கம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?” என்று முதுகில் ஓர் அடி வைத்தார். அடுத்த அடிக்குக் கையை ஓங்கியபோதுதான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. கை அப்படியே நின்றது. சுவரைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். வெளியே ஓடிவிடுவார் என்று நினைத்தேன்.

“அந்த ஜன்னல் தொறக்குமா?” என்று கேட்டார்.

தள்ளித் திறந்து காட்டினேன். புகையில்லாத குளிர்ந்த காற்று உள்ளே வந்தது. சித்தி குழந்தையை அந்தக் காற்றுக்கு முன் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

“தட்டிப் பாத்தியா?”

“பாத்தேன் சித்தி.”

“ஏதாச்சும் கேட்டுச்சா?”

“இல்ல சித்தி. ஒன்னுமே கேக்கல.”

இன்று சாயந்தரம் பாய் தலையணையோடு அவர்கள் அங்கே போய்விட்டார்கள். இருமல் சத்தம் இன்னும் வருகிறது, நேற்றைவிடக் கொஞ்சம் இடைவெளி விட்டு. நான் சுவரில் காதை வைத்துப் படுத்திருக்கிறேன். நான் சொன்னதைச் சித்தி அப்படியே நம்பிவிட்டார். நம்பித் தூங்குகிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா, மாமா?