நயாராவும் பதினாறு தொட்டி மீனும்

அக்டோபர் 3

நயாரா இன்றும் கஞ்சியைத் துப்பினாள். ஒன்பது மாதக் குழந்தை. என் புருஷன் வல்டெனோர், நெக்ரோ ஆற்றிலிருந்து பிடித்து வந்த கார்டினல் என்ற குட்டி அலங்கார மீன்களும் தீனியைத் துப்பின. ஒரே வீட்டில் இரண்டு உண்ணாவிரதம்.

மனாவுஸ் நகரத்து மீன் ஏற்றுமதிக்காரர் நத்தலினோ போனில்: "இப்ப எல்லாரும் வெளிநாட்டுப் பண்ணையில பொறந்த மீனைத்தான் கேக்கிறாங்கம்மா. அது போட்டதைத் தின்னும். உங்க ஆத்து மீன் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டே செத்துப்போவுது. டெட்லெஃப்னு ஒரு ஜெர்மன்காரர், மீன் வளர்க்கிற சங்கத்துக்கு வாங்கறவர், 25ஆம் தேதி உங்க ஊர் பார்செலோஸுக்கே வரார். அவரும் வேணாம்னா அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றால்? வல்டெனோர் மேலாற்றில் தங்கம் தோண்டும் குழி வேலைக்குப் போய்விடுவான். பையைக்கூடக் கட்டிவிட்டான். போன வருடம் அங்கே போன அவன் சித்தப்பா மகன் — வேண்டாம், எழுத மாட்டேன்.

அக்டோபர் 4

உயிரியல் படித்தது எதற்கு? மீனுக்குச் சாப்பிடக் கற்றுத்தரப் போகிறேன். முட்டை மஞ்சள் கரு, மரவள்ளி மாவு, நத்தலினோ அனுப்பிய உலர் தீனி, மூன்றையும் பொடித்தேன். பதினாறு தொட்டி. ஒன்றுகூடத் தொடவில்லை.

நாத்தனார் ரோசிக்ளே வேடிக்கை பார்த்தாள். "பெத்த புள்ளைக்கே ஊட்டத் தெரியல, மீனுக்கு ஊட்டப் போறீங்களாக்கும் அண்ணி!"

அக்டோபர் 8

மூன்றாம் தொட்டியில் ஒன்று தின்றது! ஒன்றே ஒன்று. நயாரா: பூஜ்யம்.

அக்டோபர் 15

எட்டுத் தொட்டி தின்கிறது. நயாரா அரை ஸ்பூன். அதுவும் என் சட்டைக்கே திரும்பி வந்தது.

அந்த டெட்லெஃப்! கடல் தாண்டிக் கண்ணாடிப் பெட்டி முன்னால் உட்கார்ந்துகொண்டு, என் புருஷன் எங்கே போக வேண்டும் என்று தீர்மானிக்கிற தொந்தி மாமா. அவர் தலையில் ஒரு கழுகு எச்சம் போடட்டும்.

அக்டோபர் 23

எல்லாத் தொட்டியும்! விரலை நீட்டினால் கூட்டமாக வந்து கொத்துகின்றன. வல்டெனோர் எட்டிப் பார்த்தான். "என்னடி, நாய்க்குட்டி மாதிரி பழக்கிட்டே!" பெருமையாகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 25

போச்சு என்றுதான் நினைத்தேன்.

டெட்லெஃப்புக்குத் தொந்தியே இல்லை. ஒல்லி. எங்கள் பாஷையைப் புத்தகத்தில் படித்துக் கற்றவர். தொட்டிமேல் குனிந்தார், மீன்கள் திரண்டு வந்து அவர் விரலைக் கொத்தின. அவர் முகம் இறுகியது.

"இவை ஆற்று மீன்கள் அல்ல. ஆற்று மீன் மனிதனைக் கண்டால் ஓடும். இவை பண்ணையில் பிறந்தவை. ஆற்று மீனை மட்டுமே விரும்பும் சிலர் எங்கள் சங்கத்தில் இன்னும் உள்ளனர். அவர்களை நீங்கள் ஏமாற்றுகிறீர்கள்."

ரோசிக்ளே பாய்ந்தாள். "யோவ்! உங்க ஊர்லேருந்து மீனை வரவழைச்சு, எங்க ஆத்தங்கரையில வெச்சு, உங்களுக்கே திருப்பி விக்க நாங்க என்ன லூசா?"

வல்டெனோர் மூலையிலிருந்த பையைப் பார்த்தான். ஐயோ, நான்தானே கெடுத்தேன்! யாரு என்னை ஊட்டச் சொன்னா?

ஓடிப்போய் இந்த நோட்டை எடுத்து வந்தேன். தேதி வாரியாகப் படித்துக் காட்டினேன். நாலாம் தேதி ஒன்றும் தொடவில்லை. எட்டாம் தேதி ஒன்று. பதினைந்தாம் தேதி எட்டுத் தொட்டி. படித்த வேகத்தில் தொந்தி மாமாவையும் படித்தேன். கழுகையும் படித்தேன். அப்புறம்தான் வாயைப் பொத்தினேன்.

டெட்லெஃப் மெதுவாகத் தொப்பியைக் கழற்றி உச்சியைக் காட்டினார். வெள்ளையாகக் காய்ந்த எச்சம்.

"இன்று காலை. படகில்."

ரோசிக்ளே சிரித்த சிரிப்பில் நயாரா விழித்துக்கொண்டாள். அவரும் சிரித்தார். "பொய் சொல்ல நினைப்பவர் இதையெல்லாம் எழுதி வைக்க மாட்டார். தின்னப் பழகிய ஆற்று மீன்! பதினாறு தொட்டியும் எனக்கு. இனி ஒவ்வொரு முறையும் இப்படி ஒரு குறிப்பும் சேர்த்து அனுப்புங்கள்."

அக்டோபர் 29

இனி இரண்டு நோட்டு. மீன் நோட்டில் யாரையும் திட்டக் கூடாது என்பது வல்டெனோரின் உத்தரவு. பையிலிருந்த துணிகளைக் கொடியில் போட்டுவிட்டு, அந்தப் பையில் வலையைத் திணித்துக்கொண்டு விடியற்காலையில் ஆற்றுக்குப் போனான். சாயங்காலம் நான்கு தொட்டி நிறையக் கொண்டு வந்தான்.

புது மீன்கள்: ஒன்றும் தொடவில்லை.

நயாரா: இரண்டு ஸ்பூன். துப்புவாள், துப்புவாள் என்று பத்து நிமிஷம் துணியோடு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.