நீலம் ஏறாதவை

என்னங்க,

நம் வாலுவுக்குப் பார்வை மங்குகிறது, இனி எதற்கு என்று அவள் கலர் பென்சில் பெட்டியை உங்கள் அண்ணன் பிள்ளைகளுக்குக் கொடுத்தீர்கள். நீங்களும் அங்கேயே தங்கிவிட்டீர்கள். சரி.

இது என் ஆய்வகச் சேதி. நம் மகளின் தோலிலிருந்து வளர்த்த செல்கள், ஊட்டத்தைக் குறைத்துக் கொஞ்சம் நெருக்கடி கொடுத்தாலே கூண்டோடு செத்துவிடும். அவளுடைய பிறவி நோயே அதுதான்; கண்ணுக்குள்ளும் அதுவேதான் நடக்கிறது. இந்த முறை புது மருந்து ஊற்றிவிட்டு நெருக்கடி கொடுத்தோம். செத்த செல்லில் நீலச் சாயம் ஏறும். எண்ணினேன், நூற்றில் நாற்பது உயிரோடு இருந்தன.

ஆய்வகத் தலைவர் மறுபடி எண்ணினார்.

“அறுபத்தொண்ணு வருதேம்மா! சுருங்கினதையெல்லாம் செத்ததுன்னு தள்ளிட்டீங்களா? நீலம் ஏறலையே!”

பதினெட்டு வருடம் எண்ணிய கண். ஏமாந்துவிடக் கூடாதென்று, இருப்பதையே இல்லையென்று எழுதியிருக்கிறேன். உங்களைத் திட்டிக்கொண்டே நீங்கள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன்.

இனி மாட்டேன். இந்த மருந்து அவள் கண்ணுக்கு வந்து சேர வருடங்கள் ஆகலாம், வராமலே போகலாம். தெரியும். யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

நேற்று காகிதத்தில் மூக்கு உரச என் பேனாவால் ஒரு பூனை வரைந்தாள். “இதுக்குக் கலர் அடிக்கணும்மா” என்றாள்.

பெட்டியை வாங்கிக்கொண்டு வாருங்கள். வர மனமில்லையென்றால் பெட்டியை மட்டும் அனுப்புங்கள்.

வாலுவின் அம்மா