பச்சைக் கோப்பில் ஒரு வரி

மார்ச் 3

நாட்டு மக்களுக்கு ஒரு முக்கிய அறிவிப்பு. பிரதமர் இல்லத்தின் கீழ்த்தளக் குளியலறையில் சோப்பு தீர்ந்துவிட்டது. அரசு நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறது. யாரும் பதற வேண்டாம். ஷாம்பு இன்னும் மூன்று நாளைக்கு வரும்.

அம்மா பிரதமராகி இன்று இருபதாவது நாள். முதல் நாளே சிக்கன நடவடிக்கை என்று சமையல்காரர்கள் மூவரையும் வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாள். அன்றிலிருந்து அப்பாதான் சமையல். இந்த ஆட்சியில் முதலில் பாதிக்கப்பட்ட குடிமகன் நான்.

மார்ச் 5

பெட்ரோல் வரிசை எங்கள் பள்ளி வாசலைத் தாண்டி, பாலம் வரை போகிறது. என் வகுப்பு நெட்டையனின் அப்பா டாக்சி ஓட்டுகிறவர். இரண்டு நாளாக வரிசையில், வண்டிக்குள்ளேயே தூங்குகிறார்.

“உங்கம்மா டீவில ‘விரைவில், விரைவில்’னு சொல்றாங்களே, அது எந்தக் கிழமைடா வரும்?” என்று நெட்டையன் கேட்டான்.

“சனிக்கும் ஞாயித்துக்கும் நடுவுல.”

வகுப்பே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை.

மார்ச் 9

அம்மாவைப் பார்க்கவில்லை. வாசலில் செருப்பைப் பார்த்தேன்.

மார்ச் 14

விஷயம் இதுதான். வெளிநாட்டுக் கடன் வந்தால்தான் மருந்தும் எரிபொருளும் வரும். கடன் வர வேண்டுமென்றால் மானியங்களை நிறுத்த வேண்டும். நிறுத்தினால் சொந்தக் கட்சிக்காரர்களே ஓடுவார்கள். ஓட ஆரம்பித்துவிட்டார்கள். 27ஆம் தேதி நம்பிக்கை வாக்கெடுப்பு. மூன்று ஓட்டு குறைகிறது. தோற்றால் பதவி போச்சு.

இன்று அம்மா சாப்பாட்டு மேசையில் பத்து நிமிடம் உட்கார்ந்தாள்.

“மூணு ஓட்டுதானேம்மா? நான் ஒட்டுமீசை வச்சுக்கிட்டு மூணு தடவை வந்து கை தூக்கட்டுமா?”

“மீசையும் இறக்குமதிதான்டா. டாலர் இல்ல.”

எனக்கு இந்த வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா?

மார்ச் 22

நிதி அமைச்சர் ராஜினாமா. போன வாரம் எங்கள் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு, “அக்கா, கடைசி வரைக்கும் நான் உங்க கூடதான்” என்றவர். கடைசி சீக்கிரம் வந்துவிட்டது போலிருக்கிறது.

மார்ச் 26

அம்மாவின் தனிச்செயலர் — சட்டை மடிப்பு கலையவே கலையாது, அதனால் நான் வைத்த பெயர் இஸ்திரி — அவள் மேசையில் இரண்டு கோப்புகளை வைத்தார். நாளைக்கான உரைகள். வென்றால் பச்சை, தோற்றால் சிவப்பு. இரண்டையும் அம்மாவே எழுதினாளாம்.

இஸ்திரி போன் பேச வெளியே போனார். சரித்திரத்தில் இடம்பெற இதைவிட நல்ல சமயம் வருமா? வெற்றி உரையின் நடுவில் ஒரு ஜோக்கைச் செருகிவிட வேண்டியதுதான். அவளும் தெரியாமல் வாசிப்பாள், அவையே குலுங்கும்.

சிவப்பில் ஒன்பது பக்கம். அடித்து, திருத்தி, ஓரமெல்லாம் குறிப்பு.

பச்சையில் ஒரே தாள். “மாண்புமிகு சபாநாயகர் அவர்களே,” — அவ்வளவுதான். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

எப்பலேருந்தும்மா தெரியும் உனக்கு? ஏன் சொல்லவே இல்ல?

அந்த வெள்ளையில் ஒன்று எழுதிவிட்டு வந்தேன். என்ன எழுதினேன் என்று இங்கே சொல்ல மாட்டேன். நானும் ரகசியக் காப்புப் பிரமாணம் எடுத்தவன்தான்.

மார்ச் 27

மூன்று ஓட்டில் இல்லை. பதினான்கு ஓட்டில் தோற்றாள். மொத்தம் நாற்பத்து நான்கு நாள் ஆட்சி.

டீவியில் பார்த்தேன். முடிவை அறிவித்ததும் எழுந்தாள். முதலில் பச்சைக் கோப்பைத் திறந்தாள் — ஏன்? குனிந்து பார்த்தாள். சிரித்தாள், பல் தெரிய. அதை மூடிவிட்டு, சிவப்பை எடுத்து ஒன்பது பக்கத்தையும் குரல் உடையாமல் வாசித்தாள்.

மார்ச் 28

எல்லாச் சேனலிலும் அந்தச் சிரிப்புதான். நான்கு நிபுணர்கள் உட்கார்ந்து அலசுகிறார்கள். ரகசிய ஒப்பந்தம் என்கிறார் ஒருவர். “திரும்பி வருவேன் பார்” என்ற சவாலாம், இன்னொருவருக்கு.

நெட்டையனிடம் மார்தட்டினேன். “அது என் ஜோக்டா! தோத்துப்போன பிரதமரையே சிரிக்க வச்சவன்டா நான்!”

“எங்கப்பா இன்னும் வரிசையிலதான்டா இருக்காரு” என்றான்.

ஏப்ரல் 6

பழைய வீடு, நான்காவது மாடி. மின்சாரம் இல்லாததால் லிஃப்ட் இல்லை. புதுப் பிரதமர் ரேடியோவில் பேசினார். “விரைவில்” என்றார்.

அம்மா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறாள். ஜன்னலோர நாற்காலியில். இரண்டு தடவை கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். இன்னும் அப்பாதான் சமைக்கிறார்.

இன்று அவளாகவே வாயைத் திறந்தாள். “உன் ஜோக் நல்லா இருந்துச்சுடா. அது மட்டும் இல்லேன்னா அங்கயே அழுதிருப்பேன்.”

“என் ஜோக் என்னிக்கும்மா சோடை போயிருக்கு?” என்றேன்.

சரி, இங்கேயாவது உண்மையைச் சொல்லித் தொலைக்கிறேன். பச்சைத் தாளில் நான் எழுதியது: “தோத்துட்டு வீட்டுக்கு வந்துடும்மா. அப்பா சமையலை இனிமே தாங்க முடியாது.”

ஜோக் எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அது ஜோக்கே இல்லை.