வல்லாரைப் பெட்டிக்குள்ள வந்த தவளை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். மடு மாதாவின்ர காவலில நீங்களும் அம்மாவும் சுகமாய் இருப்பியள். முழங்கால் நோவு குறைஞ்சதே? போனில கதைச்சா உங்களுக்கு வடிவாய்க் கேக்கிறேல்லை எண்டபடியால் எழுதி, ஊருக்கு வாற சஜிதா அக்காவிட்டக் குடுத்துவிடுறன்.

போன கிழமை இங்க டோர்வலில, நான் வேலை செய்யிற மரக்கறி ஸ்டோரில ஒரு பகிடி. கொழும்பில இருந்து பிளேனில வந்த வல்லாரைப் பெட்டிக்குள்ள நகமளவில ஒரு தவளை. முதலாளி வெளிய பனிக்குள்ள எறியச் சொன்னார். நான் ஏலாது எண்டிட்டன். பேந்து தவளை ஆராய்ச்சி செய்யிற ஒரு பிரெஞ்சுக்காரி வந்து பாத்தா. எங்கட தீவைத் தவிர வேற எங்கயும் இல்லாத சாதியாம். அங்கயும் அழிஞ்சுகொண்டு போகுதாம்.

"அப்ப திருப்பி அனுப்புங்கோவன்" எண்டன்.

ஏலாதாம். இங்கத்தை நோயைக் காவிக்கொண்டு போனா அங்க மிச்சம் இருக்கிறதும் செத்துப்போகுமாம். இப்ப கண்ணாடிப் பெட்டிக்குள்ள வைச்சு நல்லாய்ப் பாக்கினம். சாப்பிடுதாம், ஆனா கத்துதில்லையாம்.

என்ர அகதிக் கேஸ் இன்னும் முடியேல்லை. அதை யோசியாதேங்கோ. அக்கா திரும்பேக்க கொஞ்சம் ஒடியல் மா குடுத்துவிடுங்கோ.

இன்னொண்டு. மாரியில எங்கட கிணத்தடியில தவளையள் கத்தும்தானே, அம்மாவின்ர போனில பதிஞ்சு அனுப்புங்கோ. அக்கா கீழ காரில கோர்ண் அடிக்கிறா, முடிக்கிறன். கொஞ்சம் நீட்டாய்ப் பதியுங்கோ. இடையில அம்மா கூப்பிட்டாலும், நீங்கள் இருமினாலும் அழிக்கவேண்டாம்.

தவளைக்குத்தான் கேக்கிறன்.

மகள்,
றெபேக்கா